பிளக்கைப் பிடுங்கிய நாள்

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்க்கும் பட்டு நெசவாளர் கூட்டுறவு சங்கத்தின் கீழ்த்தளக் கூடத்தில், ஓர் ஆடிச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நடந்தது. கிழமை, மணி எல்லாம் இவ்வளவு சுத்தமாக எப்படி ஞாபகம் இருக்கிறது என்று கேட்பீர்கள். முப்பது பேர் நடுவில் தலை குனிந்து நின்ற நேரத்தை யாரால்தான் மறக்க முடியும்?

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சங்கத்தின் கணினிப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நான், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு சர்வர், கடகடவென்று சத்தம் போடும் ஒரு மின்விசிறி, அவ்வளவுதான் பிரிவு. பிறந்தது மாகறலில், விவசாயக் குடும்பத்தில். பி.சி.ஏ. முடித்த கையோடு கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். வந்த புதிதில் எனக்குப் பாவு எது, ஊடை எது என்றே தெரியாது. நீளவாக்கில் ஓடும் இழை பாவு, குறுக்கே போவது ஊடை என்று நெசவாளர்கள் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார்கள். பதிலுக்கு நான் அவர்களுக்கு பாஸ்வேர்டு என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தரப்பில் யார் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள் என்பதை மட்டும் இங்கே எழுதப் போவதில்லை.

எங்கள் சர்வரில் இருப்பது ஒரே ஒரு விஷயம்தான். யார் எந்தப் புடவையை நெய்தார்கள் என்பது. நெசவாளர் தறியிலிருந்து புடவையை அறுத்து, வெள்ளைத் துணியில் சுற்றிச் சங்கத்துக்குக் கொண்டுவருவார். எடை, டிசைன், எந்தப் பாவு, ஏதாவது குறை உண்டா, எல்லாவற்றையும் அவர் பெயரில் ஏற்றுவோம். ஒரு வருடத்தில் இத்தனை புடவை நெய்திருந்தால்தான் அவர் பெயர் மருத்துவக் காப்பீட்டுப் பட்டியலுக்குப் போகும். ஒன்று குறைந்தாலும் போகாது. ஆக, கம்ப்யூட்டரில் பதிவு இல்லையென்றால் அந்தப் புடவை நெய்யப்படவே இல்லை என்றுதான் அர்த்தம்.

அதற்கு முந்தைய வருடம் அந்த அர்த்தத்தின் முழுக் கொடுமையையும் பார்த்துவிட்டோம். பழைய சர்வர், யாரையும் கேட்காமல் பட்டப்பகலில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்தது. பாதியில் கரண்ட் போனது. யு.பி.எஸ். பேட்டரி ஏற்கெனவே செத்துக்கிடந்தது. மறுபடி எழுந்தபோது தரவுத்தளம் உடைந்துபோயிருந்தது. பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்துத்தான் வைத்திருந்தேன், அதே டிஸ்கில், பக்கத்து ஃபோல்டரில். சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். கடைசியாக வேறு டிஸ்கில் எடுத்த பிரதி ஒன்பது நாள் பழையது. அந்த ஒன்பது நாள் பதிவுகளை, புடவை வாங்கும்போது நெசவாளருக்கு ஒன்றும் சங்கத்துக்கு ஒன்றுமாக எழுதும் சீட்டுகளை வைத்து மறுபடி ஏற்றினோம். எட்டுச் சீட்டுகள் சங்கத்தில் கிடைக்கவில்லை. ஏழு பேர் தங்களிடமிருந்த பிரதியைத் தேடி எடுத்துவந்தார்கள். எட்டாவது சீட்டு ஓர் அக்காவுடையது. ரவிக்கைக்குள் செருகி வைத்திருந்த சீட்டு துணியோடு துணியாகத் துவைக்கப் போய்க் கூழாகிவிட்டது.

பிள்ளையார்பாளையத்தில் வீட்டிலேயே தறி போட்டு நெய்கிறவர் அந்த அக்கா. அவருக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வருடக் கடைசியில் பட்டியல் போனபோது அவர் பெயருக்கு ஒரு புடவை குறைந்தது. நான் கடிதம் எழுதினேன், நேரில் போய் நின்றேன், கெஞ்சினேன். போன இடத்திலெல்லாம் ஒரே பதில்தான்: பதிவு இல்லையே. விஷயத்தைச் சொன்னபோது அந்த அக்கா என்னைத் திட்டவில்லை. "சரிம்மா, அடுத்த வருசம் பாத்துக்கலாம், மாத்திரை குடுத்துக்கீறாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக் கட்டிக்கொண்டு தறியில் உட்கார்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது. நான் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதன்பிறகு நிர்வாகக் குழு புது சர்வர் வாங்க முடிவெடுத்தது. அதில் என்ன இயங்குதளம் போடுவது என்பதை என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். கூடவே குழுவில் ஒருவர், இந்தத் தடவையும் ஒரு பதிவு தொலைந்தால் எல்லாவற்றையும் மூட்டைகட்டிவிட்டுப் பழையபடி நோட்டுப் புத்தகத்துக்கே போய்விடுவோம் என்றார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. எனக்கு என் வேலை பற்றிய பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம், மறுபடி யாராவது ஒருத்தி நெய்த புடவை நெய்யாததாகிவிடக் கூடாதே என்பது.

இரண்டு மாதம் படித்தேன். வீட்டில் சாம்பார் கொதிக்கும்போது போனில் படித்தேன், பஸ்ஸில் படித்தேன். கடைசியில் லினக்ஸ்தான் என்று முடிவுக்கு வந்தேன். அதிலும் புத்தம் புதிதாக வந்த பதிப்பு வேண்டாம். வந்து இரண்டு வருடமாகி, ஆயிரம் பேர் அடித்துத் துவைத்துப் பார்த்துவிட்ட, இன்னும் பல வருடங்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்று உறுதி சொல்லும் நீண்டகாலப் பதிப்பு. எங்கள் தரவுத்தள மென்பொருளைச் செய்தவர்களே அந்தப் பதிப்பில் சோதித்துப் பார்த்திருந்தார்கள். தானாகப் புதுப்பித்துக்கொண்டு பட்டப்பகலில் எழுந்து உட்காராது. நான் சொல்லும் நேரத்தில்தான் செய்யும். தரவுத்தளத்துக்கு வேண்டியதைத் தவிர வேறு எதையும் அதில் போடவில்லை. திரையில் படம்கூட வராது, எழுத்து மட்டும்தான். உள்ளே ஓடுகிற சாமான் குறைந்தால் உடைவதற்கும் குறைவாகத்தான் இருக்கும், திருடன் நுழையும் வாசலும் குறையும். வெளியிலிருந்து வரும் எல்லா வழியையும் அடைத்து, எங்கள் இரண்டு கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு வழி விட்டேன்.

இதை நிர்வாகக் குழுவுக்குக் காட்டியதுதான் தமாஷ். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. தலைவர் எட்டிப் பார்த்தார். இன்றைக்கும் தறியில் உட்கார்ந்து நெய்கிற மனிதர் அவர். புடவையை விரலால் தொட்டே எடை சொல்லுவார். "இன்னாமா, வாங்கி வந்த அன்னிக்கே டிவி ஊத்திக்கிச்சா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். இப்படித்தான் இருக்கும், இது இலவசம் என்று நான் சொன்னதும் அவர் கவலை இரண்டு மடங்கானது. பட்டில் இலவசமாக எதையும் பார்த்திராத ஊர் இது. ஜரிகையில் வெள்ளி இருக்கிறதா என்று உரசிப் பார்த்தே வளர்ந்தவர்களிடம் போய் ஒரு பொருளைச் சும்மா கொடுத்தால் நம்புவார்களா?

இதற்கிடையில் சென்னையிலிருந்து ஒரு நிறுவனத்துக்காரர் வந்து, அந்த மாதம்தான் வெளியான புத்தம் புது இயங்குதளம் போட்ட ஒரு இயந்திரத்தைச் சோதனைக்கு என்று சங்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதில் வண்ண வண்ணமாகப் படம் வரும். பட்டனைத் தட்டினால் பதிவு கண் சிமிட்டும் நேரத்தில் ஏறிவிடும். குழுவில் பாதிப் பேருக்கு அதன்மேல் கண்.

தலைவர்தான் ஒரு வழி சொன்னார். எங்கள் சங்கத்தில் புதிதாகச் சாயம் போட்ட பட்டு நூல் வந்தால், சாயக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் அப்படியே வாங்க மாட்டார்கள். அதில் ஓர் இழையை எடுத்து, சாயம் போடாத வெள்ளை இழையோடு சேர்த்து முறுக்கி, எல்லார் கண் முன்னாலும் சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைப்பார்கள். வெள்ளை இழை வெள்ளையாகவே இருந்தால்தான் வாங்குவார்கள். கம்ப்யூட்டரையும் அப்படிச் சோதிக்கலாம் என்றார் தலைவர். பதிவு ஏறிக்கொண்டிருக்கும்போதே எல்லார் முன்னாலும் பிளக்கைப் பிடுங்குவது. யு.பி.எஸ். எல்லாம் நடுவில் கிடையாது. மறுபடி போட்டால் ஏற்றியதெல்லாம் இருக்க வேண்டும்.

மறுபடி வந்த நிறுவனத்துக்காரருக்கு இதைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. எங்கள் இயந்திரத்தோடு யு.பி.எஸ். தருகிறோமே, அதற்கு அவசியம் வராதே என்று நயமாகச் சொல்லிப் பார்த்தார். "சாயக்காரரும் இத்தையேதான் சொல்லுவாரு தம்பி, அதுக்காக கொதிக்க வெக்காம வுட்டுருவோமா?" என்று தலைவர் கேட்டதும் பேச்சு முடிந்தது. எனக்கோ உள்ளுக்குள் ஒரே குதூகலம். இந்த மாதிரி சோதனைக்குத்தானே நான் இரண்டு மாதமாகத் தேடித் தேடிப் பிடித்திருக்கிறேன்!

இந்தக் குதூகலத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

சோதனைக்கு முந்தின நாள் மதியம் இரண்டு இயந்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். அவருடையதில் பட்டனைத் தட்டிய கையை எடுப்பதற்குள் 'பதிவு முடிந்தது' என்று வந்துவிடுகிறது. என்னுடையதில் ஒரு சின்னத் தயக்கம். அரை விநாடி இருக்குமோ என்னவோ. சாதாரண நாளில் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் நாளைக்கு முப்பது பேர் பார்ப்பார்களே! 'இலவசம்தானே, அதான் நொண்டுது' என்று யாராவது சொன்னால் என்னால் தாங்க முடியுமா?

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். பதிவு உண்மையிலேயே டிஸ்கில் எழுதப்பட்டுவிட்டதா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அது 'முடிந்தது' என்று சொல்லும். அந்த உறுதிக்கென்று செட்டிங்கில் ஓர் அமைப்பு உண்டு. அதை அணைத்துவிட்டால், பதிவைக் கையில் வாங்கியதுமே 'முடிந்தது' என்று சொல்லிவிட்டு, ஆற அமரப் பிறகு டிஸ்கில் எழுதிக்கொள்ளும். நான் அதை அணைத்தேன். ஆறு புடவையும் ஏற்றி, எல்லாரும் டீ குடித்து, அதற்குப் பிறகுதானே பிடுங்கப் போகிறார்கள், அதற்குள் தானே எழுதிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எந்தக் காரணத்துக்காக அந்த சிஸ்டத்தைத் தேர்ந்தெடுத்தேனோ அந்தக் காரணத்தையே என் கையால் கழற்றிப் போட்டேன். அதுவும் எதற்கு? அரை விநாடிக்கு.

மறுநாள் கூடம் நிறைந்துவிட்டது. சோதனை என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் திருவிழா மாதிரி. ஆறு நெசவாளர்கள் அன்று கொடுக்க வேண்டிய புடவைகளோடு வரிசையில் நின்றார்கள். ஆறாவதாக அந்த அக்கா நின்றார். ஆள் முன்பைவிட இளைத்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு முழுதாக வரவில்லை.

"நம்ம பொண்ணுது மொதல்ல போடுங்கபா" என்றார் தலைவர். ஒவ்வொருவராக ஏற்றினேன். சரக் சரக்கென்று ஏறியது. கூட்டத்தில் ஒருவர் 'பரவால்லையே' என்று சொன்னது என் காதில் தேனாக விழுந்தது. கடைசியில் அந்த அக்காவின் புடவை. அரக்கு உடல், பச்சைக் கரை. கரை ஓரத்தில் ஓரிடத்தில் சின்னதாக ஒரு வெள்ளை நூல் முடிச்சு. எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நெய்யும்போது இழை அறுந்தோ தப்பியோ குறை விழுந்துவிட்டால், நெசவாளரே அந்த இடத்துக்கு நேராகக் கரையில் வேறு நிற நூலை முடிந்துகொண்டு வருவார். தரம் பார்ப்பவர் தேட வேண்டியதில்லை. 'குறை: ஒன்று' என்று அதையும் ஏற்றிப் பட்டனைத் தட்டினேன். 'பதிவு முடிந்தது' என்று வந்தது. வந்ததுதான் தாமதம், பிளக் பக்கத்தில் தயாராகக் குந்தியிருந்த குழு உறுப்பினர் ஒருவர் வெடுக்கென்று பிடுங்கிவிட்டார். டீயாவது, ஒன்றாவது!

 நான் முகத்தைச் சிரித்தபடியே வைத்துக்கொண்டேன். மறுபடி பிளக்கைச் செருகினார்கள். சிஸ்டம் ஒரு முனகலும் இல்லாமல் ஒரே நிமிடத்தில் எழுந்து நின்றது. பட்டியலைத் திறந்தேன். மூன்று புடவை இருந்தது. மற்ற மூன்றைக் காணவில்லை.

அந்த அக்காவுக்குப் படிக்கத் தெரியும். திரையருகே வந்து விரலை வைத்து மேலிருந்து கீழே பார்த்தார். மறுபடியும் ஒரு முறை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல் கேட்டார்: "மறுபடியும் நான்தானாம்மா?"

இன்று இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.  கூடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நிறுவனத்துக்காரர் மெதுவாக, இலவச சிஸ்டத்தில் இதுதான் சிக்கல் என்றார். நோட்டுப் புத்தகம் என்று யாரோ சொன்னது கேட்டது. பிளக்கைப் பிடுங்கிய உறுப்பினர் பாவம், பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தார். "நான் ஒருவேள ரொம்ப வேகமா புடுங்கிட்டனா?" என்று கேட்டார். தலைவர் அதைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு என்மேல் பிரியம். "ஆமாபா, அவசரக்குடுக்க மாரி புடுங்குனா இன்னா ஆவும்? இன்னொரு தபா மெதுவா பாப்போம், இன்னாமா சொல்ற?" என்றார்.

எனக்குத் தப்பிக்க அகலமான கதவைத் திறந்துவிட்டார்கள். தலையை ஆட்டினால் போதும். அந்த உறுப்பினர் நாலு நாள் கேலியைத் தாங்கிக்கொண்டு போயிருப்பார். நான் சத்தமில்லாமல் அந்த அமைப்பைத் திருப்பிப் போட்டுவிட்டு இரண்டாவது தடவை ஜெயித்திருப்பேன். உண்மையைச் சொன்னால் என் தலை ஆட ஆரம்பித்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அப்போதுதான் மேஜைமேல் கிடந்த அந்தப் புடவை கண்ணில் பட்டது. கரையில் அந்த வெள்ளை முடிச்சு. வயிற்று வலியோடு நெய்த புடவையில் ஓர் இழை தப்பியதற்கு, யாரும் கேட்பதற்கு முன்னால் தானே முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள் ஒருத்தி. நான் பி.சி.ஏ. படித்தவள், ஒரு மனிதரைக் கைகாட்டிவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேன்.

"தலைவரே, தப்பு அவருது இல்ல, சிஸ்டத்துதும் இல்ல, என்னுது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

அமைப்பு, டிஸ்க் என்றெல்லாம் சொன்னால் அவர்களுக்குப் புரியாது. அதனால் இப்படிச் சொன்னேன்: புடவை நம் கைக்கு வந்து, பெட்டியில் வைத்துப் பூட்டிய பிறகுதான் நெசவாளருக்குச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த சிஸ்டம் அப்படித்தான் செய்யும், அதனால்தான் கொஞ்சம் தாமதம். நான் வேகம் காட்டுவதற்காக, வாசலில் புடவையைப் பார்த்த உடனேயே சீட்டு எழுதிக் கொடுத்துவிடும்படி அதை மாற்றி வைத்தேன். பெட்டியில் வைப்பதற்குள் பிளக் போய்விட்டது.

சொல்லி முடித்ததும் எல்லாருக்கும் பளிச்சென்று புரிந்துவிட்டது. புரிந்ததை முகத்தில் பார்த்தேன். பின்வரிசையில் ஒருவர் "அடிப்பாவி" என்றார். அது நியாயமான வார்த்தைதான். தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"எதுக்குமா அப்புடி பண்ண?"

"அவங்களோடத விட வேகமா தெரியணும்னுதான்" என்றேன். அதைவிட அற்பமான ஒரு பதிலை நான் என் ஆயுளில் யாருக்கும் சொன்னதில்லை.

அவர் தாடையைச் சொறிந்துகொண்டார். திருப்பிப் போட எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். இரண்டு நிமிடம் என்றேன். போடு என்றார். நான் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அந்த அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் பிளக் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தார். "இந்த தபா நான் புடுங்கறேன். எப்போ புடுங்குவேன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

விடுபட்ட மூன்று புடவையையும் மறுபடி ஏற்றினேன். இப்போது அந்தத் தயக்கம் வெளிப்படையாகத் தெரிந்தது. எனக்கு அது அவ்வளவு அழகாக இருந்தது. கடைசியாக அவருடைய புடவையை ஏற்றித் தட்டினேன். 'பதிவு முடிந்தது' என்ற எழுத்து முழுதாக வந்ததோ இல்லையோ, பிடுங்கிவிட்டார். செருகினோம். எழுந்தது. ஆறு புடவை. ஆறாவதில் 'குறை: ஒன்று' என்பதுகூட அப்படியே இருந்தது. கூட்டத்தில் கை தட்டினார்கள். அந்த அக்கா தட்டவில்லை. இன்னொரு தபா என்றார். சும்மா ஒரு பதிவு ஏற்றச் சொல்லிப் பிடுங்கினார். இருந்தது. இன்னொன்று. இருந்தது. நான்காவது தடவை என்ன நினைத்தாரோ, நான் பட்டனைத் தட்டிய அதே நொடியில், திரையில் எதுவும் வருவதற்கு முன்பே பிடுங்கிவிட்டார்.

எழுந்தபோது அந்தக் கடைசிப் பதிவு இல்லை.

அந்த அக்கா என்னைப் பார்த்தார். "இது ஏன் வரல?" என்று கேட்டார்.

"அது இன்னும் முடிஞ்சதுன்னு சொல்லலையேக்கா" என்றேன்.

 "அப்போ, சொன்னா இருக்குது. சொல்லலன்னா இல்ல. அவ்ளோதான?" என்றார்.

அவ்வளவுதான். இரண்டு மாதம் நான் படித்த கட்டுரைகளில் ஒன்றுகூட இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்து, பிளக்கை அவர் கையாலேயே செருகிவிட்டு, "இதுவே இருக்கட்டும் தலைவரே" என்றார். தலைவர் குழுவைப் பார்த்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை.  என் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

நிறுவனத்துக்காரரின் முறை வந்தபோது, அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு அடுத்த வாரம் வருவதாகச் சொல்லி இயந்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். வாசல் வரை உதவிக்குப் போனேன். ஆட்டோவில் ஏறப்போனவர் நின்று, தயங்கி, "மேடம், டெமோவுக்கு நாங்களும் அத்த அணைச்சுதான் வெப்போம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அரை விநாடிக்காக மானத்தை அடகு வைத்துப் போட்டி போட்டது ஒரு பொய்யோடு! உள்ளே போய் இதைச் சொல்லியிருந்தால் என் கொடி இன்னும் உயரப் பறந்திருக்கும். சொல்லவில்லை. அவர் கரையில் முடிச்சை அவர்தானே போட வேண்டும்.

அதன்பிறகு நான் கொஞ்சம் திருந்தினேன். பிரதி இப்போது வேறு டிஸ்கில் மட்டுமல்ல, வேறு கட்டடத்திலேயே இருக்கிறது. பாதுகாப்புத் திருத்தம் வந்தால் முதலில் பழைய இயந்திரத்தில் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, சங்கத்துக்கு விடுமுறை விடும் நாளில் சர்வரில் போடுகிறேன். யாருக்கும் தேவையில்லாத எந்த அனுமதியும் கிடையாது, எனக்கே கிடையாது. மூன்று வருடத்தில் எத்தனையோ முறை கரண்ட் போயிருக்கிறது. ஒரு புடவைகூடத் தொலையவில்லை. நெசவாளர்களோ இன்னும் உஷாராகிவிட்டார்கள். திரையைத் தங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, 'முடிந்தது' என்ற வார்த்தையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இடத்தைவிட்டு நகருகிறார்கள். அவசரமாக இருக்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் நான் ஒன்றும் சொல்வதில்லை.

அந்த வருடப் பட்டியலில் அந்த அக்காவின் பெயர் போனது. அடுத்த வைகாசியில் ஒரு நாள் காலை எனக்குப் போன் வந்தது. ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போடும் இடத்திலிருந்து பேசினார். பின்னால் யாரோ டோக்கன் எண் கூப்பிடும் சத்தம். அங்கே இருந்த பெண் கம்ப்யூட்டரில் அவர் பெயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அதுவரை என்னை லைனிலேயே இருக்கச் சொன்னார். நானும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் குரல் வந்தது.

"சொல்லிடுச்சும்மா. இருக்குதாம்."

அத்தோடு போனை வைத்துவிட்டார். நான் சர்வர் அறையில் தனியாக நின்று ஒரு பாட்டம் அழுது தீர்த்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மூன்று மாதம் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி தறியில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது மற்ற சங்கங்களிலிருந்தும் என்னிடம் வந்து, சர்வருக்கு எந்த சிஸ்டம் போட்டால் நல்லது என்று கேட்கிறார்கள். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பெருமையாகச் சொல்லுகிறேன், எனக்கு அந்தப் பெருமைக்கு உரிமை இருக்கிறது. ஆனாலும் ராத்திரி படுக்கும்போது மனதுக்கு நிறைவாக இருப்பது, நல்ல சிஸ்டத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன் என்பதைவிட, அதைக் கெடுத்தது நான்தான் என்று முப்பது பேர் முன்னால் இரண்டு தடவை சொன்னேன் என்பதுதான்.